டேட்டிங் செயலியா, மேட்ரிமோனியா, ஞாயிறு விளம்பரமா: வேலூரில் துணைதேடலை ஆராய எந்தத் தரவை எடுப்பது?

"இணையவழித் துணைதேடலில் சாதியும் படிப்பும்" என்று ஆய்வுத் தலைப்பு வைப்பதில் தவறில்லை. வம்பு அடுத்த வரியில்தான் தொடங்குகிறது: "தரவு: மேட்ரிமோனி தளத்திலிருந்து 10,000 ப்ரொஃபைல்கள் ஸ்க்ரேப் செய்யப்படும்." ஸ்க்ரேப் என்றால் தளத்தின் பக்கங்களைக் கணினி நிரல் வைத்து மொத்தமாக நகலெடுப்பது. அந்த வரியை எழுத இரண்டு நிமிடம் போதும். அறநெறிக் குழு, வாய்மொழித் தேர்வு, இதழாசிரியர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் அதற்குப் பதில் சொல்வதற்குள் ஆண்டு இரண்டு ஓடிவிடும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு மூன்று பேர், ஓராண்டு அவகாசம், பெரிய நிதி கிடையாது. அப்படிப்பட்ட குழுவுக்கு என்னென்ன வழிகள் உண்டு, எது எதைத் தரும், எங்கே உடையும் என்று பார்க்கலாம்.

கேள்வி எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்

எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று ஒருவர் சொல்வது ஒன்று. செயலியில் யாருக்கு விருப்பம் அனுப்புகிறார் என்பது இன்னொன்று. கடைசியில் யார் கழுத்தில் தாலி ஏறுகிறது என்பது மூன்றாவது. எந்தத் தரவும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

உலகில் பேர் வாங்கிய ஆய்வுகளே இதற்குச் சாட்சி. ஹிட்ச், ஹோர்டாச்சு, ஆரியலி மூவரும் 2010-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்ட ஆய்வு, பாஸ்டன், சான் டியேகோ நகரங்களின் டேட்டிங் தளப் பயனர்கள் யாரைப் பார்த்தார்கள், யாருக்கு முதல் மடல் எழுதினார்கள் என்ற பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது. அது "செய்வது" பற்றிய தரவு. எலிசபெத் புரூச், மார்க் நியூமன் இருவரும் 2018-இல் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் நகரங்களின் செய்திப் போக்குவரத்தை எடுத்து, யாருக்கு யாரிடமிருந்து செய்தி வருகிறது என்பதைப் பேஜ்ரேங்க் முறையில், அதாவது அதிகம் விரும்பப்படுபவரிடமிருந்து வரும் செய்திக்குக் கூடுதல் எடை கொடுத்து, மதிப்பிட்டார்கள். சராசரியாகத் தங்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக விரும்பப்படுபவர்களையே மக்கள் நாடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இதுவும் "செய்வது".

அமெரிக்காவில் 2017-இல் சந்தித்த ஆண்–பெண் இணைகளில் 39 விழுக்காட்டினர் இணையம் வழியாகச் சந்தித்தார்கள் என்ற புகழ்பெற்ற எண்ணைப் பாருங்கள். மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழு 2019-இல் வெளியிட்டது. அது எந்தச் செயலியின் தரவிலிருந்தும் வரவில்லை. நாடு தழுவிய மாதிரியில் "நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள்?" என்று கேட்டு வாங்கிய பதில்கள் அவை. செயலியில் கிடைப்பது செயலிக்குள் இருப்பவர்களின் தரவு மட்டுமே. வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட வேண்டுமானால் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வேலை பானர்ஜி, டுஃப்லோ, கட்டக், லாஃபோர்ச்சூன் நால்வருடையது, 2013. வங்காள நாளிதழ் ஒன்றில் மணவிளம்பரம் கொடுத்த 783 பேரை நேரில் கண்டு, வந்த கடிதங்களை அவர்கள் எப்படித் தரம் பிரித்தார்கள் என்று கேட்டார்கள். தன் சாதி வேண்டும் என்ற விருப்பம் மிக வலுவாக இருந்தது. ஆனாலும் எல்லாரும் தன் சாதியையே நாடியதால் அந்த விருப்பத்துக்காக மற்றத் தகுதிகளில் அவர்கள் பெரிதாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தில் வந்த விளம்பரத்தையும் வீட்டுக்குள் நடந்த தேர்வையும் சேர்த்துப் பிடித்ததுதான் அந்த ஆய்வின் பலம். சிறு குழுவுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது; கீழே அதற்கு வருவோம்.

"வேலூரில் 20 கிலோமீட்டர்" என்றால் யார்?

டேட்டிங் செயலியில் இடத்தை வேலூர் என்று வைத்து 20 கி.மீ. சுற்றளவு கொடுத்தால் வரும் முகங்களை "வேலூர் இளைஞர்கள்" என்று எழுதிவிடுவது முதல் பிழை. காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த மாணவர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்குத் துணையாக மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வந்து காந்தி ரோடு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கும் இளைஞர்கள் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும் காட்பாடி சந்திப்பு வழியாகவும் போகிறவர்களின் கைப்பேசியும் அந்த வட்டத்துக்குள் சில நிமிடம் வந்துபோகும். சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்தவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்பதைச் செயலி சொல்லாது.

மேட்ரிமோனி தளத்தில் வேறு குழப்பம். "சொந்த ஊர்: வட ஆற்காடு" என்று போட்டிருப்பார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30-இல் பிரிந்தபோது திருவண்ணாமலை தனியானது. எஞ்சிய வேலூர் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆக வட ஆற்காடு என்ற ஒரு சொல் இன்று நான்கு மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் வாலாஜாபேட்டைக்காரர் பலர் இன்றும் "வேலூர் டிஸ்ட்ரிக்ட்" என்றே எழுதுகிறார்கள். ஊர்ப் பெயர் இல்லாத பதிவைத் தாலுகாவுக்குள் அடைக்க முயலாமல் "பழைய வட ஆற்காடு" என்ற தனிக் குறியீட்டில் போட்டுவிடுவது நல்லது.

இவை இரண்டுக்கும் முன்னே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் முடியும் கல்யாணங்கள் எந்தத் தளத்துக்கும் வருவதில்லை. அத்தகைய மணங்கள் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. வட ஆற்காட்டில் அவை நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்று சி.எம்.சி. ஆய்வாளர்கள் 1970-களிலேயே எழுதியிருக்கிறார்கள். தளத்துக்கு வருபவர்கள், சொந்தத்தில் அமையாதவர்கள் அல்லது வேண்டாம் என்றவர்கள். சாதி பற்றி அவர்கள் சொல்வதை மாவட்டம் முழுவதற்கும் நீட்ட முடியாது.

ஸ்க்ரேப்பிங்: மலிவுபோலத் தெரியும் வழி

மற்ற எதையும்விட இதற்குத்தான் ஆசை அதிகம்; அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதல் தடை தொழில்நுட்பம். தளத்துக்குள் நுழையவே கைப்பேசி எண், ஓ.டி.பி., பாலினம், வயது கொடுத்துக் கணக்குத் திறக்க வேண்டும். ஆய்வாளர் வரன் தேடவில்லை. ஆகவே அந்தக் கணக்கே பொய். மத்திய அரசு 2016 ஜூனில் மேட்ரிமோனி தளங்களுக்கு விடுத்த அறிவுரை, இவை திருமணத்துக்கான தளங்கள் மட்டுமே என்று அறிவிக்கவும் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும் சொல்கிறது. பெண் கணக்கில் நுழைந்தால் ஆண்கள் மட்டும் தெரிவார்கள். பணம் கட்டியவர் பெயர் மேலே வரும். தேடல் பட்டியலின் முதல் 500 பேரை எடுத்தால் அது தளத்தின் விற்பனைத் தந்திரத்தின் மாதிரி, மக்களின் மாதிரி கிடையாது. ஓகேகியூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தள நிறுவனம் 2014-இல் தானே ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம்: 30 விழுக்காடு பொருத்தம் உள்ளவர்களிடம் "90 விழுக்காடு பொருத்தம்" என்று காட்டி என்ன நடக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். தளம் எதைக் காட்டியது என்று தெரியாதபோது, பயனர் எதை விரும்பினார் என்று சொல்ல வழியில்லை.

அடுத்து, தரவின் அழுக்கு. கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பின்னும் ப்ரொஃபைல் அப்படியே கிடக்கும். ஒரே ஆள் பொதுத் தளத்திலும் சாதித் தளத்திலும் இருப்பார். பிறந்த தேதி, நட்சத்திரம், உயரம் மூன்றையும் சேர்த்து இரட்டைப் பதிவை நீக்கலாம் என்று நினைத்தால், ஒரு தளத்தில் சான்றிதழ்த் தேதி, இன்னொன்றில் ஜாதகத் தேதி. பள்ளியில் சேர்க்கும்போது வயதைச் சரிக்கட்டி மே, ஜூனில் பிறந்ததாக எழுதிய தலைமுறை நம்முடையது. பிறந்த மாதப் பரவலை ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். மே, ஜூனில் குன்று எழுந்து நின்றால் அந்த நிரலில் (அட்டவணையின் நெடுவரிசையில்) இருப்பது சான்றிதழ் வயது.

சாதி நிரல் இன்னும் மோசம். கவுண்டர் என்று திருப்பத்தூர்ப் பக்கம் ஒருவர் போட்டால் பெரும்பாலும் வன்னியர். கோவைக்காரர் போட்டால் கொங்கு வேளாளர். வன்னியர் அரக்கோணம் பக்கம் போனால் நாயக்கர். முதலியார் என்ற ஒரு சொல்லுக்குள் செங்குந்தர், துளுவ வேளாளர், அகமுடையார், தொண்டைமண்டலத்தார் எல்லாரும் இருக்கிறார்கள். நாயுடுவும் அப்படித்தான். தளத்தின் கீழிறங்கு பட்டியலை நம்பி "தன் சாதிக்குள் தேடுபவர் இத்தனை விழுக்காடு" என்று கணக்கிட்டால், பட்டத்தையும் சாதியையும் உட்பிரிவையும் ஒன்றாகக் குழைத்த எண்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்ற கேள்வி. மேட்ரிமோனி தளங்களில் "ப்ரொஃபைலை உருவாக்கியவர்: பெற்றோர், உடன்பிறந்தவர், தானே" என்று ஒரு புலம் உண்டு. பெரும்பாலான குழுக்கள் அதைக் கவனிக்காமல் விடுகின்றன. அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அப்பா எழுதிய எதிர்பார்ப்பை மகளின் விருப்பம் என்று அட்டவணையில் போட்டால் முழு ஆய்வும் ஆள்மாறாட்டம்.

சட்டத்திலும் இதே புலம்தான் இடறும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தன் தரவுக்குப் பொருந்தாது என்று 3-ஆவது பிரிவு சொல்கிறது. கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பொதுவெளி என்று வாதாடுவதே கடினம். அப்பா போட்ட பக்கத்தைப் பெண் "தானே" போட்டதாக வாதாடுவது அதைவிடக் கடினம். 17-ஆவது பிரிவில் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு உண்டு. குறிப்பிட்ட தனிநபர் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது, வகுத்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருபவை. இன்று தொடங்கும் ஆய்வு முடியும்போது அவை அமலில் இருக்கும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். இதற்கெல்லாம் முன்பிருந்தே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இருக்கிறது: கணினி அமைப்பிலிருந்து உரிமையாளர் அனுமதியின்றித் தரவை நகலெடுத்தால் இழப்பீடு கேட்கலாம்.

2016 மே மாதம் டென்மார்க்கில் சில ஆய்வாளர்கள் ஓகேகியூபிட் பயனர்கள் ஏறத்தாழ 70,000 பேரின் பதில்களைப் பயனர்பெயரோடு பொதுக் களஞ்சியத்தில் போட்டார்கள். "ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதானே" என்பது அவர்கள் வாதம். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பதிப்புரிமைப் புகாரின் பேரில் கோப்பு நீக்கப்பட்டது. அங்கே அம்பலமானது பெரும்பாலும் மானம். நம் பக்கம் அம்பலமானால் அதோடு நிற்காது. 2012 நவம்பரில் பக்கத்துத் தருமபுரியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. "எந்தச் சாதியானாலும் சரி" என்று ஒரு பெண் தனியாகக் குறித்து வைத்த விடை அவள் ஊர்க்காரர் கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதை அறநெறி விண்ணப்பத்தில் ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின் பலர் ஸ்க்ரேப்பிங்கைக் கைவிடுகிறார்கள்.

பொய்யான வரன் பக்கம் திறந்து, சாதியை மட்டும் மாற்றி, விருப்பம் அனுப்பி யார் பதில் தருகிறார்கள் என்று எண்ணும் களச்சோதனையும் இந்தியத் தளங்களில் நடந்திருக்கிறது. அறிவியலாகப் பார்த்தால் கூர்மையான முறை. ஆனால் நம் ஊரில் விருப்பம் வந்ததும் வீட்டார் ஜோசியரிடம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பணமும் நம்பிக்கையும் செலவாகும். முனைவர் பட்டத்துக்காக அதைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நிறுவனத்திடமே கேட்பது

கிடைத்தால் இதைவிடச் சிறந்த தரவு இல்லை: யாருக்கு யார் காட்டப்பட்டார், யார் அழுத்தினார், யார் பதில் தந்தார், எல்லாம் நேர முத்திரையோடு. மேலே சொன்ன பாஸ்டன் ஆய்வுத் தரவு அந்த வகை. மாவட்டக் கல்லூரிக் குழுவுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கிடைத்தாலும் எதை வெளியிடலாம் என்பதில் நிறுவனத்தின் கை இருக்கும். கடிதம் எழுதுவதில் செலவில்லை, எழுதலாம். அதை நம்பிக் கால அட்டவணை போடக்கூடாது.

தரவுக் கொடை

பயனரே தன் தரவைச் செயலியிலிருந்து இறக்கி ஆய்வுக்குத் தருவது. டிண்டரில் கேட்டால் ஒரு சுருக்கக் கோப்பு வரும். அதற்குள் ஜேசன் (JSON) என்ற உரைக்கோப்பு வடிவில் நாள்வாரியாகச் செயலியைத் திறந்த தடவைகள், வலப்பக்கம் தள்ளியவை, இடப்பக்கம் தள்ளியவை, பொருத்தங்கள், அனுப்பிய செய்தி, வந்த செய்தி என்ற எண்ணிக்கைகள் இருக்கும். அவர் அனுப்பிய செய்திகளின் உரையும் இருக்கும்.

அந்த உரைதான் ஆபத்து. ஒப்புதல் தந்தவர் ஒருவர். செய்தியில் பேசப்படுபவர் இன்னொருவர், அவரை யாரும் கேட்கவில்லை. எனவே கோப்பு ஆய்வாளர் கைக்கு வருமுன்பே, கொடுப்பவரின் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ, பயன்பாட்டு எண்ணிக்கைப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் சிறு கணினி நிரல் ஓட வேண்டும். மின்னஞ்சலில் முழுக் கோப்பை வாங்கிவிட்டு "நாங்கள் படிக்க மாட்டோம்" என்று சொல்வது போதாது.

இதன் எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணிக்கைகள் எத்தனை பேரைப் பிடித்தது என்று சொல்லும். யாரைப் பிடித்தது என்று சொல்லாது. சாதி, மொழி, படிப்பு சார்ந்த தேர்வை இதில் தேடினால் வெறுங்கை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருத்த விகிதம் எப்படி வேறுபடுகிறது, பரீட்சை மாதத்தில் பயன்பாடு எப்படி விழுகிறது, விடுதியில் தங்குபவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் என்ன வேறுபாடு போன்ற கேள்விகளுக்குப் பொருத்தமான தரவு. 60 கோப்பு வேண்டுமென்றால் 150 பேரிடமாவது ஒப்புதல் வாங்குங்கள். கோப்பு வந்து சேர நாள் பிடிக்கும். அதற்குள் ஆர்வம் ஆறிவிடும். பாலினச் சிறுபான்மையினர் செயலிகளை இதில் சேர்ப்பதானால் இருப்பிட விவரத்தைத் தொடவே வேண்டாம். செயலி காட்டும் தூரத்தை மூன்று இடங்களிலிருந்து அளந்தால் ஆள் நிற்கும் இடம் வெளிப்படும் என்று முன்பே நிரூபிக்கப்பட்டிருக்கிறது; காட்பாடி அளவு ஊரில் அது வீட்டு வாசல்வரை போகும்.

ஞாயிறு விளம்பரங்கள்

வேலூர்ப் பதிப்பு உள்ள தமிழ் நாளிதழ்களின் "மணமகன் தேவை, மணமகள் தேவை" பகுதி. பழைய பாணி என்று இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இது உண்மையிலேயே பொதுவெளி. யாரும் கணக்குத் திறக்க வேண்டாம். தள அல்காரிதம் நடுவில் இல்லை. இன்னொரு சிறப்பு: இடத்துக்குக் காசு. காசு கொடுத்து ஒரு குடும்பம் எந்தச் சொல்லை அச்சிட்டது என்பதே ஒரு வகை விருப்பப் பதிவு. அதே காரணத்தால் எழுதாமல் விட்டதை "கவலையில்லை" என்று குறிக்கக்கூடாது. "சொல்லவில்லை" என்பதற்குத் தனிக் குறியீடு வேண்டும்.

ஒரு ஞாயிறுக்கு நம் நான்கு மாவட்டங்களைச் சேர்ந்தவை 40 தேறினால், 30 ஞாயிறுகளில் 1,200. ஒரு விளம்பரத்தைக் குறியிட 6 முதல் 8 நிமிடம். மொத்தம் 120 முதல் 160 மணி நேரம். இருவர் பகிர்ந்தால் இரண்டு மாதம். அதில் ஐந்தில் ஒரு பங்கை, 240-ஐ, இருவரும் தனித்தனியே குறியிட்டு ஒத்துப்போகும் அளவைக் காப்பா எண்ணால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த அளவு; முழுதும் ஒத்தால் 1) பார்க்க வேண்டும். 0.8-க்குக் கீழே வந்தால் குறியீட்டு விதியைத் திருத்துங்கள். ஆளைத் திட்டிப் பயனில்லை. எங்கே கீழே போகும் என்பதும் தெரிந்ததே: "நல்ல குடும்பம்", "வசதியான", "சுத்த ஜாதகம்" போன்ற சொற்களில்.

சாதிக் கட்டத்துக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடை போதாது. குறைந்தது நான்கு வேண்டும்: ஒன்றும் சொல்லவில்லை, தன் சாதி அல்லது உட்பிரிவு மட்டும், பட்டியல் சாதியினர் தவிர்த்துத் தடையில்லை, நிபந்தனையின்றித் தடையில்லை. மூன்றாவதை நான்காவதோடு சேர்த்துவிட்டால் இந்தத் தரவின் மிக முக்கியமான செய்தி மறைந்துபோகும். மறுமண விளம்பரங்களையும் தனியே பிரியுங்கள்; இல்லையென்றால் "தடையில்லை" ஏறியது காலத்தாலா, மறுமணத்தாலா என்று தெரியாது.

இதன் குறை, யார் இதில் இல்லை என்பது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்கள் ஜமாத், உறவு, தெரிந்தவர் வழியாகப் பார்ப்பது அதிகம். தமிழ் நாளிதழில் அவர்கள் எண்ணிக்கையை மக்கள்தொகைப் பங்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எதையும் எழுதுங்கள். வாட்ஸப் ஜாதகப் பரிமாற்றக் குழுக்களைச் சேர்த்து இந்த ஓட்டையை அடைக்கலாமே என்று தோன்றும். 250 பேர் இருந்தாலும் அது தனி அறை. நிர்வாகியின் அனுமதி உள்ளே இருப்பவர்களின் ஒப்புதலாகாது.

கற்பனை பயோடேட்டா: சிறு குழுவுக்கு நல்ல கருவி

தெரிவுச் சோதனை என்பார்கள். உண்மையான ஆள் யாரும் இல்லாத இரண்டு பயோடேட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த இரண்டில் எதற்கு மேற்கொண்டு பேசுவீர்கள்?" என்று கேட்பது. படிப்பு, வேலை, சாதி, சொந்த ஊரின் தூரம், தோஷம், சொத்து என்று ஐந்தாறு கூறுகளைக் குலுக்கல் முறையில் மாற்றிப் போட வேண்டும். ஒருவருக்கு எட்டு இணைகள், முன்னால் பழக்கத்துக்கு ஒன்று. 20 நிமிடத்தில் முடியும். 150 இளையவர், அவர்களின் பெற்றோரில் ஒருவராக 150 பேர் என்று வைத்தால் 300 பேர், எட்டு இணை, இணைக்கு இரண்டு என 4,800 வரிகள். ஒருவருடைய 16 வரிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. பிழை மதிப்பீட்டை ஆள்வாரியாகக் கொத்தாக்கிக் கணக்கிடாவிட்டால் எல்லாமே "முக்கியத்துவம் வாய்ந்தது" என்று வந்து நிற்கும்.

தளத் தரவு தராத ஒன்று இதில் கிடைக்கும்: ஒரே வீட்டில் மகனும் அம்மாவும் எங்கே பிரிகிறார்கள் என்பது. "உங்களுக்குச் சாதி முக்கியமா?" என்று நேராகக் கேட்டால் மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். ஆறு கூறுகளுக்கு நடுவே அதை ஒன்றாக வைத்தால் கை போகும் இடம் தெரிந்துவிடும்.

கெடும் இடங்கள் சில. குலுக்கலில் "பத்தாம் வகுப்பு, மருத்துவர்" என்று அபத்தச் சேர்க்கை வந்தால் பதிலளிப்பவர் விளையாட்டாக எடுத்துக்கொள்வார். அவற்றை முன்கூட்டியே தடைசெய்யுங்கள். கூடத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது மகளிடம் கேட்கும் பேட்டி செல்லாது. பெண் ஆய்வாளர், தனி அறை, அல்லது கல்லூரி வளாகம். கேட்பவரின் பெயரிலிருந்தே சாதியை ஊகிப்பார்கள்; யார் யாரைப் பேட்டி கண்டார் என்பதை ஒரு நிரலாகச் சேர்த்து வையுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டில் தெலுங்கும், ஆம்பூர், மேல்விஷாரத்தில் உருதும் தேவைப்படும். பயோடேட்டா அட்டையைத் தமிழில் மட்டும் அச்சடித்துவிட்டு வாசலில் மொழிபெயர்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கேள்வியாகிவிடும்.

ஏற்கெனவே இருப்பவை

யாரை மணந்தார்கள் என்பதுதான் கேள்வி என்றால் புதிதாக எதையும் திரட்ட வேண்டாம். 2011–12-இன் இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு 42,152 குடும்பங்களைக் கண்டது. கணவர் குடும்பமும் பிறந்த குடும்பமும் ஒரே சாதியா, துணையை யார் தேர்ந்தெடுத்தார், கல்யாணத்துக்கு முன் எவ்வளவு பழக்கம் என்றெல்லாம் பெண்களிடம் கேட்டது. வேறு சாதி என்றவர்கள் சுமார் 5 விழுக்காடு. தரவு இலவசம். மாவட்ட அளவில் பேச அது போதாது என்பதை மறக்கக்கூடாது. மாவட்ட எண் வேண்டுமென்றால் 2019–21-இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மணவயதும் உறவுமுறைத் திருமணமும் உண்டு. ஆனால் அது 2017 மார்ச் எல்லைப்படி எடுத்தது. அதிலுள்ள "வேலூர்" பிரிக்கப்படாத வேலூர். ராணிப்பேட்டையை அதில் தேடிப் பயனில்லை.

எதை எடுத்தாலும் மறைப்பு

27 நட்சத்திரம், நான்கு பாதம் என்றாலே 108 வகை. அதோடு உயரம், உட்பிரிவு, ஊர் சேர்ந்தால் பெயரில்லாமலே ஆளைச் சொல்லிவிடலாம். வேலூர் மாவட்டத்தின் ஆறு தாலுகா, நான்கு வயதுப் பிரிவு, இரண்டு பாலினம், எட்டுச் சமூகம், நான்கு படிப்பு நிலை: 1,536 கட்டங்கள். 1,200 பதிவை அதில் பரப்பினால் கட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை. நகரம், கிராமம் என்று இடத்தை இரண்டாக்கி, வயதை மூன்றாக்கி, சமூகத்தை நான்காக்கி, படிப்பை மூன்றாக்கினால் 144 கட்டம்; சராசரி எட்டுக்கு மேல். அப்போதும் ஐந்துக்குக் குறைந்த கட்டத்தை அச்சிட வேண்டாம். நட்சத்திரத்தை "தோஷம் உண்டு, இல்லை" என்று சுருக்குங்கள். படத்தைச் சேகரிக்கவே வேண்டாம். விளம்பர வாசகத்தை மேற்கோளாகப் போடும்போது சொல்லை மாற்றி எழுதுங்கள். அப்படியே போட்டால் தேடுபொறி தொலைபேசி எண்ணோடு கொண்டுவந்து நிறுத்தும்.

எங்கள் தேர்வு

சாதி, படிப்பு, வேலை பற்றிய கேள்வியானால்: 1,200 விளம்பரங்கள், அவற்றில் கண்ட சொற்களையே கூறுகளாக வைத்து 300 பேரிடம் தெரிவுச் சோதனை. விளம்பரத்தில் இல்லாத கூறைச் சோதனையில் திணிக்காமல் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். வங்காள ஆய்வு செய்ததன் சிறு வடிவம் இது. டேட்டிங் செயலிப் பயன்பாடே கேள்வியானால்: தரவுக் கொடை, கூடவே 15 முதல் 20 பேட்டிகள், தலைப்பில் "வேலூர் இளைஞர்" என்று போடாமல் "வேலூரில் படிக்கும் மாணவர்" என்று போடும் நேர்மை. ஸ்க்ரேப்பிங் எங்கள் பட்டியலில் இல்லை.

அறநெறிக் குழு ஒப்புதலுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். சொந்தக் கல்லூரியில் குழு இல்லையென்றால் பல்கலைக்கழகக் குழுவை அணுகலாம். விளம்பரச் சேகரிப்பை ஆனியில் தொடங்கி ஆடியில் முடிக்கக்கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் வரும் விளம்பரங்களின் எண்ணிக்கையும் தன்மையும் மாறக்கூடும். 30 ஞாயிறுகளையும் ஒரே மூச்சில் எடுக்காமல், ஆண்டின் 52-இல் மாதத்துக்கு இரண்டு மூன்று வீதம் குலுக்கி எடுத்தால் தையும் ஆடியும் தத்தம் அளவில் உள்ளே வந்துவிடும்.